லயத்துக்கு ஒரு தடைப் பலகை

பேராதனையில் கலஹா பஸ்ஸுக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இளையவளின் தோளில் அவள் பிள்ளை மூச்சிழுத்தபடி சாய்ந்திருந்தது.

“டவுன்ல சிகரட் குடிச்சா தண்டம்னு புடிக்க ஆரம்பிச்சதிலருந்துதான் எம்புள்ளைக்கு இழுப்பு, அக்கா.”

“என்னடி பேசுற? அது நல்லதுதானே?”

“டவுனுக்கு நல்லது. எம்புருஷன் அங்க பயந்து அடக்கிக்கிட்டு, மொத்தத்தையும் தோட்டத்து லயத்துல, வீட்டுக்குள்ள வந்து கதவ மூடிக்கிட்டுக் குடிக்கிறாரு. இருக்கிறதே ஒரு காம்பிரா; சமைக்கிறதும் படுக்கிறதும் அதுக்குள்ளதான்.”

“வெளிய போய்க் குடிக்கச் சொல்லு.”

“குளிருதாம்.”

‘புகைத்தல் தடை’ என்று மும்மொழியிலும் எழுதிய புதுத் தகரப் பலகையொன்றை இளையவள் பையிலிருந்து பாதி இழுத்துக் காட்டினாள்.

“இந்தத் தகரத்துக்கா பயப்படப் போறாரு?”

“தகரத்துக்கு இல்ல, தண்டத்துக்குத்தான் பயம். இனி உள்ள ஒண்ணு பத்தவச்சாருன்னா, அன்னைக்கு அவரு பாய் வெளிய. குளிரட்டும்.”