கடைசிப் பந்து வரைக்கும்

தங்கச்சி: தொப்பியைக் கழட்டு.

அண்ணன்: யாரும்மா நீங்க? ஆள் தெரியாம...

தங்கச்சி: கழட்டு அண்ணா. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கிட்டா போதுமா? அந்த மூக்கை எங்க கொண்டுபோய் ஒளிச்சு வைப்பே?

அண்ணன்: ச்சே... நீ எங்க இங்க? இன்னிக்கு டியூட்டி இல்லையா உனக்கு?

தங்கச்சி: அதை நான் கேக்கணும். ஞாயித்துக்கிழமைகூட யாரு வயித்தையாவது திறந்து வெச்சுக்கிட்டு நிக்கற பெரிய சர்ஜன்... பள்ளிக்கூடப் பசங்க கிரிக்கெட்டை மரப்பலகையில உக்காந்து பாக்கறாரு!

அண்ணன்: ஃபைனலாச்சே. சும்மா... காத்து வாங்க வந்தேன்.

தங்கச்சி: நானும் காத்து வாங்கத்தான் வந்தேன். நகரு.

அண்ணன்: காத்து வாங்க வந்தவ ஏன் அம்பயரையே முறைச்சுப் பாக்கறே?

தங்கச்சி: பந்தைப் பாக்கறேன்.

அண்ணன்: பந்து அந்தப் பக்கம் வேலிக்கு ஓடுது.

தங்கச்சி: ...ஓடட்டும்.

அண்ணன்: அவரு என் பேஷண்ட்.

தங்கச்சி: யாரு?

அண்ணன்: நடிக்காதே. போன வருஷம் அவரு குடலை நான்தான் வெட்டித் தைச்சேன். கேன்சர் திரும்ப வந்து வயிறு பூராப் பரவிடுச்சு. போன சீசன் முடியறப்போ நாற்காலியில நேரா உக்கார முடியல அந்த மனுஷனால. காலை மடக்கி, வயித்தை அமுக்கிக்கிட்டு... இப்போ பாரு. காலையில இருந்து வெயில்ல நிக்கறாரு. எப்படி?

தங்கச்சி: உன் கைராசின்னு வெச்சுக்கோ.

அண்ணன்: என் கைராசி என்னன்னு எனக்குத் தெரியும். ரெண்டாவது ஆபரேஷனுக்கு நாள்கூட குறிச்சிருந்தேன். திடீர்னு ரத்து. என் பேஷண்ட் மனசை யாரோ கலைச்சிருக்காங்க.

தங்கச்சி: நான் கலைக்கல! அவர் என்கிட்ட வந்தப்பவே ஆபரேஷன் வேண்டாம்ங்கற முடிவோடதான்...

அண்ணன்: ஆங். உன்கிட்ட வந்தப்பவே. அப்புறம்? சொல்லு.

தங்கச்சி: சரி. ஆமா. வந்தாரு. ஆஸ்பத்திரிப் பின்கட்டடத்துல இருக்கற என் வலி நிவாரண வார்டுக்கு, பக்கவாசல் வழியா. நான்தான் அவருக்கு வலிக்கு மார்ஃபின் ஆரம்பிச்சேன். நான்தான் வாந்தியை நிறுத்தினேன், தூக்கம் வரவழைச்சேன். இதுக்காக மேல புகார் பண்ணப் போறியா, பண்ணிக்கோ.

அண்ணன்: கூட்டம் கத்துது. ஒண்ணும் காதுல விழல. கொஞ்சம் சத்தமா சொல்லு.

தங்கச்சி: நான்தான் மார்ஃபின் ஆரம்பிச்சேன்! போதுமா? வயசாயிடுச்சு உனக்கு. காதைப் போய்க் காட்டு முதல்ல.

அண்ணன்: மார்ஃபினா... அதைப் போட்டா ஆளு கிறங்கிப்போய் மூலையில கிடப்பாரே. அப்புறம் அதுக்கே அடிமையாயிடுவாரே.

தங்கச்சி: சர்ஜனுங்க எல்லாரும் இந்தப் பாட்டை எங்கதான் கத்துக்கறீங்களோ! வலிக்கு ஏத்த அளவுல, கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக் கொடுத்தா ஆள் தெளிவா இருப்பாரு. போன ஓவர்ல பேட்டுல லேசா உரசிட்டுப் போச்சே ஒரு பந்து, அந்தச் சத்தம் உனக்குக் கேட்டுதா?

அண்ணன்: இல்ல.

தங்கச்சி: எனக்கும் கேக்கல. அந்த பேட்ஸ்மேனே கேக்காத மாதிரி நின்னான். அவருக்குக் கேட்டுது. விரலைத் தூக்கிட்டாரு. கிறங்கிக் கிடக்கறவர் செய்யற வேலையா அது?

அண்ணன்: ம்... அது சரி. ஆனா ஒண்ணு. உங்க கட்டடத்துக்குப் போங்கன்னு ஒரு பேஷண்ட்கிட்ட சொன்னா, அவரு முகம் அப்படியே செத்துப்போகுது. டாக்டர் நம்மளைக் கைகழுவிட்டாருன்னு நினைக்கறாங்க. அதை எப்படிச் சொல்றது?

தங்கச்சி: கைகழுவறதுக்குத்தானே அனுப்பறீங்க! இனி வெட்டறதுக்கு எதுவும் இல்லன்னு ஆனப்புறம், மூச்சு இழுத்துக்கிட்டு இருக்கறப்போ, ஸ்ட்ரெச்சர்ல வெச்சுத் தள்ளி விடுவீங்க. பேர்கூட விசாரிக்க எனக்கு நேரம் இருக்காது. அப்புறம் நீங்களே பேசிக்குவீங்க, 'அந்தக் கட்டடத்துக்குப் போனவன் எவன் திரும்பி வந்தான்?'னு. சாகற நேரத்துல மட்டும் அனுப்பினா எப்படித் திரும்பி வருவான்?

அண்ணன்: இதை... இதை இன்னொரு தடவை சொல்லு.

தங்கச்சி: ஏன்? வலிக்குதா?

அண்ணன்: வலிக்குது. இருந்தாலும் சொல்லு. சத்தமா.

தங்கச்சி: சாகற நேரத்துல மட்டும் அனுப்பாதீங்க! நோய் தெரிஞ்ச அன்னிக்கே அனுப்புங்க! நீ ஒரு பக்கம் வெட்டு, நான் ஒரு பக்கம் வலியைப் பாத்துக்கறேன். ரெண்டு பேரும் சேந்து பாத்தா உன் கத்தி என்ன துருப்பிடிச்சா போயிடும்?

அண்ணன்: பின்னாடி யாரோ கை தட்டறாங்க.

தங்கச்சி: எனக்கில்ல. பவுண்டரி போயிருக்கு. காலையில இருந்து அந்த வரிசை கத்தற கத்து தாங்கல. பசங்களைவிட மோசம்... அண்ணா. அண்ணா, அவரைப் பாரு.

அண்ணன்: பாத்துட்டுத்தான் இருக்கேன்.

தங்கச்சி: குனிஞ்சுட்டாரு. வலது பக்கம் கையை வெக்கறாரு. நான் போறேன்.

அண்ணன்: உக்காரு.

தங்கச்சி: விடு கையை!

அண்ணன்: உக்காருன்னு சொல்றேன்ல. நீ இப்போ ஓடினா மேட்சை நிறுத்திடுவாங்க. அவரைக் கைத்தாங்கலா வெளியில கூட்டிட்டு வருவாங்க. அதைவிட அவருக்கு வேற சாவு வேணுமா? இரு. பாக்கெட்டுல கை விடறாரு பாரு... எடுத்துட்டாரு. வாயில விட்டுக்கிட்டாரு. அவ்வளவுதான். கொஞ்ச நேரத்துல கேக்கும்.

தங்கச்சி: ...கேக்கும்.

அண்ணன்: மூச்சு விடு. நீ மயங்கி விழுந்தா உன்னைத் தூக்க எனக்குத் தெம்பு இல்ல.

தங்கச்சி: அவரு பாக்கெட்டுல ஊசி இல்லாத சிரிஞ்சு இருக்கும், வலி திடீர்னு ஏறினா அதுல மருந்து எடுத்து வாயில விட்டுக்குவாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?

அண்ணன்: இங்க இருந்தே தெரியுதே. கண்ணாடி பவர் மாத்தினேன்.

தங்கச்சி: கறுப்புக் கண்ணாடிக்கா?

அண்ணன்: மேட்சைப் பாரு நீ. கடைசி ஓவர்.

தங்கச்சி: எத்தனை ரன் வேணும்?

அண்ணன்: யாருக்குத் தெரியும்? நான் ரன்னையா பாத்தேன்... நிமிர்ந்துட்டாரு. நேரா நிக்கறாரு. பாத்தியா?

தங்கச்சி: பாத்தேன்.

அண்ணன்: தொப்பியைச் சரி பண்ணிக்கறாரு. பந்தைப் போடச் சொல்லிட்டாரு.

தங்கச்சி: அண்ணா, என் கையை நசுக்கறே.

அண்ணன்: இது கடைசிப் பந்து. நில்லுங்க சார், இன்னும் ஒரே ஒரு பந்து... தட்டிட்டான்! ரன் ஓடறாங்க!

தங்கச்சி: அவரும் ஓடறாரு!

அண்ணன்: யாரு?

தங்கச்சி: அம்பயர்! பக்கவாட்டுல ஓடறாரு, கோட்டைப் பாக்கறதுக்கு! அண்ணா, ஓடறாரு!

அண்ணன்: ஐயோ... ஓடறாரு. நாலடி நடந்தா சுவரைப் பிடிச்சவரு... ஸ்டம்பு போச்சு! தூக்குங்க சார், விரலைத் தூக்குங்க!

தங்கச்சி: தூக்கிட்டாரு! அவுட்!

அண்ணன்: அவுட்டு! அவுட்டு! அப்படிப் போடு! பாத்தீங்களா, பாத்தீங்களா!

தங்கச்சி: பலகை மேல ஏறிக் குதிக்கறே நீ. எந்த டீம் ஜெயிச்சுதுன்னாவது தெரியுமா?

அண்ணன்: நான் ஜெயிச்சேன்! அதாவது... அவரு ஜெயிச்சாரு. உனக்கு ஏன் கண்ணு கலங்குது?

தங்கச்சி: புழுதி. உனக்கு?

அண்ணன்: எனக்கும் அதே புழுதிதான்.

தங்கச்சி: நம்ம பக்கம்தான் வர்றாரு. தொப்பியைப் போட்டுக்கோ, ஒளிஞ்சுக்கோ.

அண்ணன்: எதுக்கு? இனிமே என்ன இருக்கு ஒளிய?

அம்பயர்: வாங்க வாங்க! ரெண்டு பேரும் ஒரே பலகையிலயா? இதைப் பாக்கறதுக்கே இன்னொரு இன்னிங்ஸ் நிக்கலாம் போல இருக்கே!

தங்கச்சி: முதல்ல உக்காருங்க சார். வலி எப்படி இருக்கு?

அம்பயர்: நடுவுல ஒரு தடவை சுருக்குனு பிடிச்சுது. நீங்க சொன்ன மாதிரியே விட்டுக்கிட்டேன், அடங்கிப்போச்சு. முட்டிதான் வலிக்குது டாக்டரம்மா. அது வியாதி இல்ல, வயசு.

அண்ணன்: எதுக்கு சார் அப்படி ஓடினீங்க? உயிரே போச்சு எங்களுக்கு.

அம்பயர்: பின்ன? நின்ன இடத்துல இருந்தே ரன் அவுட் கொடுக்கச் சொல்றீங்களா? இத்தனை வருஷத்துல அப்படி ஒரு தடவைகூட கொடுத்ததில்ல. கடைசி மேட்சுலயா கெட்ட பேரு வாங்குவேன்? போதும் டாக்டர். எனக்கு மிச்சம் இருக்கறது எவ்வளவுன்னு தெரியும். நீங்க எதையும் மறைக்கல. ஆனா இன்னிக்கு நான் நின்னுட்டேன். இதை இனி யாரும் என்கிட்ட இருந்து பிடுங்க முடியாது.

தங்கச்சி: முடியாது சார். அந்த நோயாலயும் முடியாது.

அண்ணன்: சந்தோஷமான நேரம்தான். இருந்தாலும் நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல? என்னைக் கேக்காம என் பேஷண்டை இவ பாத்திருக்கா. நீங்களும் எனக்குத் தெரியாம பக்கவாசல்ல போயிருக்கீங்க. இதுக்கு என்ன தீர்ப்பு?

அம்பயர்: என்ன டாக்டர் இது... இன்னுமா இந்த நாடகம்?

தங்கச்சி: என்ன நாடகம்?

அம்பயர்: ரெண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்து மாட்டிக்கிட்டேன் நான். இவங்ககிட்ட போனா 'அண்ணன்கிட்ட மூச்சு விடாதீங்க'ம்பாங்க. உங்ககிட்ட வந்தா 'தங்கச்சிகிட்ட மூச்சு விடாதீங்க'ம்பீங்க. மேட்ச் முடியற வரைக்கும் அம்பயர் யாரு பக்கமும் பேசக்கூடாது, பேசல. இப்போ முடிஞ்சுபோச்சு. டாக்டரம்மா, என் சட்டைப்பையில எப்பவும் ஒரு பாட்டில் இருக்குமே, ஞாபகம் இருக்கா?

தங்கச்சி: வயிறு இளக்கற மருந்து. மார்ஃபின் எடுத்தா வயிறு கட்டிக்கும், அதுக்குச் சேத்துக் கொடுக்கணும். நான் எழுத வேண்டிய வேலையே இல்லாம நீங்களே கொண்டு வந்திருந்தீங்க.

அம்பயர்: எப்போ?

தங்கச்சி: முதல் தடவை என்கிட்ட வந்தப்பவே...

அம்பயர்: அப்போ உங்க மருந்து ஒரு சொட்டுகூட என் வாயில படல. என் வயிறும் நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்தது. அப்புறம் எதுக்கு அந்த பாட்டில்? இன்னொருத்தர் மார்ஃபின் கொடுக்கப் போறாங்கன்னு முன்கூட்டியே தெரிஞ்சு அதை யாரு என் கையில கொடுத்திருப்பா?

தங்கச்சி: அண்ணா? மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பாதே.

அம்பயர்: 'திறந்து பாத்தா இந்த ஃபைனல்ல நான் நிப்பேனா டாக்டர்?'னு கேட்டேன். உங்க அண்ணனே சொன்னாரு, 'நிக்க மாட்டீங்க. என் கத்திக்கு இனி இங்க வேலை இல்ல. உங்களை நிக்க வெக்க ஒரே ஒரு ஆளாலதான் முடியும், அவ என் தங்கச்சி'ன்னு.

தங்கச்சி: இவனா? என் தங்கச்சின்னா? இவனா சொன்னான்? அப்புறம் எதுக்குடா அண்ணா இவ்வளவு நேரம் 'கிறங்கிப் போவாரு, அடிமையாயிடுவாரு, கைகழுவறோம்னு நினைப்பாங்க'ன்னு என் உசிரை எடுத்தே? அதுவும் சத்தமா சொல்லு, சத்தமா சொல்லுன்னு!

அண்ணன்: கொஞ்சம் திரும்பிப் பின் வரிசையைப் பாரு... காலையில இருந்து கத்தறாங்களே, அத்தனை பேரும் என் வார்டுக்குப் புதுசா வந்த சர்ஜன் பசங்க. நான் கேட்ட கேள்வியெல்லாம் அவங்க தினம் ரவுண்ட்ஸ்ல என்கிட்ட கேக்கறது. சரி சரி, முறைக்காதே, பாதி நானே அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. அதான், இவரைப் பாக்க நீ எப்படியும் வருவேன்னு தெரிஞ்சு, அவரு நிக்கறதைக் கண்ணால பாக்கட்டும், நீ சொல்றதைக் காதால கேக்கட்டும்னு கூட்டிட்டு வந்தேன்... நாளைக்குக் காலையில என் வார்டுக்கு வந்துடு. முன்வாசல் வழியா, கோட்டு போட்டுக்கிட்டு.