பின்னாலிருந்து ஒரு ஆமென்

பகல் ஒன்றரை மணி. ஆமாம், பகல்தான். பேய் என்றால் நடு ராத்திரியில் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டுதான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? ஆம்பூரைத் தாண்டி மலைப்பக்கம் திரும்புகிற மண்ரோடு. சித்திரை வெயில். ஒரு நாய்கூட இல்லை. இடது கைப்பக்கம், ஒரு காலத்தில் தோல் பதனிட்டுக்கொண்டிருந்து, பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கிற தோல் ஷாப்பு. அந்த ரோட்டில் ஜெஸ்டன் தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தான்...

“ஷர்மிளாக்கா, வேணாங்கா. வேன் பஞ்சராகி இருட்டுல நிக்கிறோம். இப்பப் போயி இந்தக் கதையா?” என்றாள் அக்சா.

“நீங்கதான கேட்டீங்க? கேரல்ஸ் பாடிப் பாடித் தொண்ட போச்சு, கத சொல்லுன்னு. டேய் ஆபேல், அந்த செல்லு லைட்ட அணை. பயமா இருந்தா கிட்ட வந்து உக்காரு. நடுவுல எவனாச்சும் சிரிச்சான், கதைய நிறுத்திட்டு இறங்கி நடந்துடுவேன். ஆமா.”

ஜெஸ்டன் என் தோஸ்த் ஜெனிஃபாவின் சித்தப்பா மகன். கணியம்பாடிப் பக்கம் வீடு. ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர், நல்ல சம்பளம். ஒரு நாள் வந்து, “வேலைய வுட்டுட்டேன்மா, மிஷனரி டிரெயினிங் போறேன்” என்றான். அம்மா ரெண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவளே பாய், பெட்ஷீட், எவர்சில்வர் தட்டு எல்லாம் வாங்கிக் கட்டிக் கொடுத்தாள். சபையில் சால்வை போட்டு, தலையில் கை வைத்து ஜெபித்து, கண்ணீரோடு அனுப்பினார்கள். அப்புறம் பாதியில் திரும்பி வர முடியுமா? ஊர் சிரிக்காதா? அந்தப் பயம் அவனுக்கு உள்ளுக்குள் இருந்தது.

பத்து மாதப் பயிற்சி. விடிவதற்கு முன்னால் மணி அடிப்பார்கள். அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும். செல்ஃபோன் ஆபீஸில். வெள்ளிக்கிழமை உபவாசம். ஒடிசாவுக்கோ ஜார்க்கண்டுக்கோ போகிற பிள்ளைகள் என்பதால் இந்தி, சைக்கிள் ரிப்பேர், ஊசி போடுவது எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். மத்தியானத்தில் கிராமத்துக்குப் போய் வீடு வீடாக ஆட்களைச் சந்திக்க வேண்டும். அதற்கு ஒரே சட்டம்தான். தனியாகப் போகக் கூடாது. இரண்டிரண்டு பேர். ஒருத்தன் ஜெபித்தால் இன்னொருத்தன் பின்னால் நின்று ஆமென் சொல்ல வேண்டும்.

ஜெஸ்டனுக்கு ஜோடி வாலாஜாபேட்டை ஷாஜின். அன்றைக்கு ஷாஜினுக்கு வாந்தி, பேதி. படுத்துவிட்டான். ஆனால் அந்தக் கிராமத்தில் சௌந்தரம் என்ற ஒரு அம்மாவின் குழந்தைக்கு வாரக்கணக்காகக் காய்ச்சல். இந்துக் குடும்பம்தான். ஆஸ்பத்திரி பார்த்து, கோயில் பார்த்து, தாயத்துக் கட்டி, ஒன்றும் கேட்கவில்லை. வந்து ஜெபம் பண்ணுங்கள் என்று ஆள் அனுப்பியிருந்தாள். ஜெஸ்டன் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டான். ஒரு நாள்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்திருப்பான்.

தோல் ஷாப்பு கேட்டைத் தாண்டும்போது வாசனை வந்தது. சுண்ணாம்பு... ஊறின பச்சைத்தோல்... அழுகின முடி... நமக்கு அது வாசனையே இல்லை, அதிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அதனால் அவனும் கண்டுகொள்ளவில்லை. பூட்டின ஷாப்பில் ஏது வாசனை என்று அப்போது தோன்றவில்லை, பாருங்கள். கேட்டைத் தாண்டி ரொம்ப தூரம் போன பிறகும் வாசனை குறையவில்லை. கூடவே வந்தது.

வீட்டுக்குள் குழந்தை பாயில் கிடந்தது. ஐந்து வயசுப் பெண். உதடு வெடித்து, கண் சொருகி... கையை எடுத்து விட்டால் பொத்தென்று விழுந்தது. ஜெஸ்டன் கிட்டே போனான். முட்டி போட்டான். கண்ணை மூடினான். அழுதுகொண்டே ஜெபித்தான். ஜெபத்தின் வேகத்தில் சொல்லிவிட்டான்.

“ஆண்டவரே, இந்த நோவை என்மேல் போடும். இந்தப் பிள்ளைக்குப் பதிலாக என்னை எடுத்துக்கொள்ளும்.”

நாமும் சொல்லாததா? ‘என் ஜீவனையே தருகிறேன்’ என்று உருகுவோம். கண்ணைத் திறந்ததும் டீயும் சமோசாவும் எங்கே என்று பார்ப்போம். ஆண்டவர் நம் வாயை அறிவார், கண்டுகொள்ள மாட்டார்.

ஜெஸ்டன் ஜெபத்தை முடித்து மூச்சு விட்டான். அவன் வாயைத் திறப்பதற்குள்... பின்னால், வாசல் பக்கத்திலிருந்து...

“ஆமென்.”

ஆம்பளைக் குரல். சத்தமாக இல்லை. விலை படிந்ததும் கடைக்காரர் ‘சரி’ என்பாரே, அப்படி.

கண்ணைத் திறந்தான். சௌந்தரம் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து, “உள்ள வந்து உக்காருங்க சார், ஏன் வெயில்ல நிக்கிறீங்க?” என்றாள். ஜெஸ்டன் திரும்பினான். வாசலில் வெயில் மட்டும்தான் இருந்தது. படிக்கல்லில் கொஞ்சம் ஈரம்.

அன்று சாயங்காலமே குழந்தை எழுந்து உட்கார்ந்து ரசஞ்சோறு கேட்டது. பால்காரர் வந்து சொன்னார். பயிற்சிப் பள்ளியே ஸ்தோத்திரம் சொல்லிக் கைதட்டியது. எல்லாருக்கும் முன்னால் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்ற ஜெஸ்டன் நின்ற இடத்திலேயே சாய்ந்தான்.

உடம்பு அனலாகக் கொதித்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை, வைரல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு கையிலும் முழங்கைவரை தோல் உரிந்தது. சுண்ணாம்புத் தொட்டியில் கையைவிட்டால் உரியுமே, அதே மாதிரி. வாய்விட்டு அழுதானாம் பாவம்.

ஷாஜினிடம் மட்டும் நடந்ததைச் சொன்னான். ஷாஜின் எழுந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“வாபஸ் வாங்கிடுடா. ஜெபத்துல குடுத்தத ஜெபத்துலயே திருப்பிக் கேளு.”

“கேட்டா... அந்தப் பொண்ணு?”

ஷாஜின் அவன் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டான்.

“எனக்கும் பயமா இருக்குடா,” என்றான் ஜெஸ்டன். “சாவப் பயமா இருக்கு. ஆனா அது ரசஞ்சோறு கேட்டுச்சாம்டா.”

ஷாஜினுக்கு மனசு கேட்கவில்லை. கண்ணெதிரே நண்பன் செத்துக்கொண்டிருக்கிறான். விளக்கு வைக்கிற நேரம், யாரும் இல்லாத சிற்றாலயத்துக்குப் போனான். கடைசி பெஞ்சில் முட்டி போட்டான். “ஆண்டவரே, ஜெஸ்டன் சொன்னது செல்லாது. அவனை விட்டுடும்.” அவ்வளவுதான் ஜெபம். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவில்லை என்பது அவனுக்கே தெரிந்தது. சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான்...

சுண்ணாம்பு வாசனை வந்தது.

“ஆமென்.”

அக்சா என் கையைக் கிள்ளியே விட்டாள். வெளியே டிரைவர் ஜாக்கியைக் கீழே போட்ட சத்தத்துக்கு ஆபேல் ‘யேசுவே’ என்று அலறினான். யாரும் சிரிக்கவில்லை.

விடிந்தபோது ஜெஸ்டனுக்குக் காய்ச்சல் இல்லை. எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான். துவையல் இருக்கிறதா என்றுகூடக் கேட்டான். பள்ளியில் மறுபடியும் ஸ்தோத்திரம், மறுபடியும் கைதட்டல். ஷாஜின் மட்டும் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கேட்டில் யாரோ கம்பியைத் தட்டினார்கள். ஷாஜின் ஓடினான். சௌந்தரம். காலில் செருப்பு இல்லை. தலை அவிழ்ந்து கிடந்தது.

“இன்னாக்கா ஆச்சு?”

“பாப்பா மறுபடி படுத்துடுச்சு தம்பி. கண்ணே தொறக்கல.”

“நாங்க வர்றோங்கா. இப்பவே வந்து ஜெபம் பண்றோம்.”

“வேணாம் தம்பி. ஜெபமே வேணாம். அன்னிக்கு அந்தத் தம்பிகூட வந்து வாசல்ல நின்னாரே ஒரு சார், அவர மட்டும் கூப்ட்டுக்குங்க. நேத்து விளக்கு வெச்ச நேரத்துக்கு வந்தாரு. பாப்பா தலமாட்டுலயே உக்காந்துனு இருக்காரு. எழுந்துருங்கன்னா எழுந்துருக்க மாட்டேன்றாரு. ஒரு வார்த்த பேச மாட்டேன்றாரு. எனக்குப் பயமா இருக்கு தம்பி...”

ஷாஜின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். தோளில் ஒரு கை விழுந்தது. ஜெஸ்டன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். ஷாஜின் காலைப் பிடித்துக் கெஞ்சினான், போகாதே என்று. ஜெஸ்டன் அவனைத் தூக்கி நிறுத்தி, சட்டையைச் சரிசெய்து விட்டுவிட்டு, சௌந்தரத்தின் பின்னால் நடந்தான். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூட ஃபோன் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. போலீஸ் வந்தது, நாய் வந்தது. தோல் ஷாப்பு கேட்டை உடைத்துப் பார்த்தார்கள். தொட்டிகளில் சருகுதான் கிடந்ததாம். சௌந்தரத்தைக் கேட்டால், அந்தத் தம்பி வீட்டுக்குள் நுழைந்தார், எனக்கு மயக்கம் வந்துவிட்டது என்பதோடு நிறுத்திவிடுவாள்.

அந்தப் பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறது. ஜெனிஃபா மனசு பொறுக்காமல் ஒரு நாள் போய்ப் பார்த்தாள். மிட்டாய் கொடுத்து, மடியில் உட்காரவைத்து, “எங்க ஜெஸ்டன் அண்ணன் உன்ன வந்து பாத்தாரே, ஞாபகம் இருக்கா பாப்பா?” என்று கேட்டாள்.

குழந்தை மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு சொன்னதாம்.

“அந்த அண்ணாவா? அவரு வந்து, ‘நான் வந்துட்டேன், எழுந்துருங்க’ன்னாரு. அந்த சாரு எழுந்துட்டாரு. ரெண்டு பேரும் கையப் புடிச்சினு போனாங்க. அந்த அண்ணா மட்டும் அழுதுனே போனாரு.”