கழுவிய கல்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் வரலாறு முதுகலை படிக்கும் பெண்கள் இருவர் அமர்ந்திருந்தனர். சன்னலோரப் பெண் சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தேன்.

"அந்தக் கல்ல சாமி ஆக்கினதே நான்தாண்டி."

"இன்னாடி சொல்றே?"

"ஏரிக்கரைக் கல்வெட்டக் காகிதம் ஒட்டிப் படியெடுக்கப் போனேன் இல்ல? மொதல்ல தண்ணி ஊத்தி, பிரஷ்ஷால தேச்சுக்கினு இருந்தேன். ஊரே நின்னு பாத்துச்சு. அபிஷேகம்னு நெனச்சுக்கினாங்க. இன்னிக்குக் காலையில மறுபடி போனா மஞ்சள் பூசி, மேல கொட்டாய் போட்டுகீறாங்க."

"மறுபடி எதுக்குப் போனே?"

"மூணாவது வரி சரியா விழலேன்னு சார் திருப்பி அனுப்பிட்டார். இப்ப கல்லு பூரா எண்ணெய். காகிதம் ஒட்டாது."

"அப்புறம் இன்னா செஞ்சே?"

"கும்பிட்டேன். குங்குமம் குடுத்தாங்க, வெச்சுக்கினேன்."

தோழி சிரித்து ஓய்ந்தபின் சொன்னாள்.

"அந்த வரி செதஞ்சு போச்சுன்னு ஆய்வேட்டுல போட்டுடுடி."

"அது பொய்யாச்சே. நான் கழுவுனதாலதான் பூசை ஆரம்பிச்சுதுன்னு எழுதப் போறேன்."

"மார்க் கொறைஞ்சிடும்."

"கொறையட்டும். எழுதாம வுட்டா, பின்னால வர்றவ அங்க ஆதிகாலத்திலேர்ந்து வழிபாடு இருக்குன்னு எழுதிடுவா."

தோழி அவள் நெற்றியில் கலைந்திருந்த குங்குமத்தை விரலால் சரிசெய்தாள்.

"சாமிக்கு இன்னா பேரு?"

"இன்னும் வெக்கலே. கழுவுனவ நீதானே, நீயே சொல்லுன்னாங்க."

"சொன்னியா?"

"மூணாவது வரியப் படிச்சுட்டுச் சொல்றேன்னேன். வெள்ளிக்கெழம சீயக்காய் போட்டுக் கழுவி வெக்கிறாங்களாம்."