பாலுக்கு அசையாத பேனா

அவைக்கு அழகூட்டி அமர்ந்திருக்கும் தலைவர் உக்கிரபாண்டியார் அவர்களே, பேரையூரின் பெருமை காக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அலுக்காமல் வந்திருக்கும் அன்னையர்களே, வணக்கம்.

மூளைக்குள் மின்சாரம் ஓடுகிறது என்று மதுரைக் கல்லூரியில் பாடம் சொல்பவன் இந்தச் சுப்பராமன். பின்வரிசை அண்ணன் கேட்கிறார், "அப்ப வெளக்கு எரியுமா சாமி?" எரியாது அண்ணே. டார்ச்சு பேட்டரியை முப்பதாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. அதைப் பெருக்கிக் காகிதத்தில் எழுதும் கருவியை நானும் ரேடியோ பழுது பார்க்கும் பசுபதியும் செய்தோம். நாவில் சுவை பட்டால் பேனா துள்ளுமா என்று பார்க்க, இருவரும் வேப்பெண்ணெய் குடித்துக் களைத்திருந்தோம்.

அப்போது வந்தார் சின்னத்தாய். கமலைக் கிணற்றில் விழுந்த அவர் கணவர் மொக்கையன் பத்தொன்பது நாளாய்க் கண் திறக்கவில்லை. பால் ஊற்றி வழியனுப்பப் பங்காளிகள் முடிவு செய்துவிட்டார்கள். "உசுரு இருக்குன்னு தெரியும் சாமி. ஆளு உள்ள இருக்காரா, அத மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

கருவியோடு இவ்வூருக்கு வந்தோம். தலையில் கம்பி ஒட்டினோம். நாவில் தண்ணீர் தொட்டு வைத்தேன், பேனா துள்ளவில்லை. பால் வைத்தேன், துள்ளவில்லை. சர்க்கரை வைத்தேன், துள்ளவில்லை. மொக்கையனின் அண்ணன் நல்லகாமன் பால் டம்ளரோடு எழுந்தார். "பாத்தாச்சுல்ல? நிம்மதியாப் போகட்டும்."

சின்னத்தாய் குறுக்கே நின்றார். "அவுக பாலு குடிச்சு நான் பாத்ததே இல்ல. கருவாட்டுக் கொழம்ப வச்சுப் பாருங்க சாமி."

என் வீட்டு அடுப்பு கண்டறியாத குழம்பு அது. பசுபதி என் முகத்தைப் பார்த்தான். நான் சின்னத்தாயின் முகத்தைப் பார்த்தேன். தொட்டேன், வைத்தேன்.

பேனா எகிறியது. மேசை ஆடியதோ? மீண்டும் வைத்தேன், எகிறியது. தண்ணீர் வைத்தேன், அடங்கியது. குழம்பு வைத்தேன், எகிறியது. கருவாடு எழுப்பியதா? காரம் எழுப்பியதா? புளி எழுப்பியதா? யானறியேன். ஆள் உள்ளே இருக்கிறார் என்று மட்டும் அறிந்தேன். நல்லகாமன் டம்ளரைப் பார்த்தார், பிறகு அந்தப் பாலைத் தாமே குடித்துவிட்டார்.

அதுவரை மொக்கையன் காதருகே பாடை மூங்கிலைப் பேசியவர்கள், அன்று முதல் மழையைப் பேசினார்கள், மாட்டைப் பேசினார்கள், அவரிடமே பேசினார்கள். சின்னத்தாய் தினமும் அவர் நாவில் குழம்பு தொட்டு வைத்தார். பதினோராம் நாள் அவர் வாய் திறந்தார். "இம்புட்டு நாளும் கொழம்புல உப்பே இல்ல." சின்னத்தாய் அன்றுதான் அழுதார்.

பெரியோர்களே, இந்தப் பொன்னாடை எனக்கென்கிறீர்கள். ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். அந்தக் குழம்பு வருமுன்பே "ஆள் இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். என் நாவுக்கு இனித்ததைக் கொண்டு இன்னொருவர் உயிரை அளந்தேன். வெட்கப்படுகிறேன். ஆடையைச் சின்னத்தாயின் தோளில் இடுங்கள்.

செவி கொடுத்த அனைவருக்கும் நன்றி. முன்வரிசையில் இருக்கும் மொக்கையன் அண்ணே, நீங்கள் எழ வேண்டாம். நான் நின்றே வணங்குகிறேன்.