கூந்தலின் சாட்சியைக் கேட்டவர்: முனைவர் ஒதில் ரொபிஷோ

இந்த நினைவேந்தல் அவைக்குத் தலைமையேற்றிருக்கும் அருட்தந்தை அவர்களே, ஒதிலின் தங்கை மரியேல் அவர்களே, இந்தப் பனியிலும் ஷிப்பகனிலிருந்தும் கராக்கேவிலிருந்தும் வண்டியோட்டி வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! என் பெயர் இவோன் லோசியே. முனைவர் ஒதில் ரொபிஷோ அம்மையாரோடு ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் செய்த வேலை என்ன? தெரியாமல் மயக்க மருந்து கொடுக்கப்பட்டவர்களின் தலைமுடியை ஆராய்ந்து, உண்மையைச் சொல்வது. இரத்தம் ஓரிரு நாளில் மறந்துவிடும். சிறுநீர் சில நாளில் மறந்துவிடும். முடி மறக்காது! மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும் முடி, அந்த மாதத்தில் உடலுக்குள் போனதையும் சேர்த்துக்கொண்டே வளர்கிறது.

லொரேன் டுகே இந்த அவையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

லொரேன் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். ஒரு காலைப் பொழுதில், நிறுத்தக் குறியருகே நின்ற பேருந்திலேயே தூங்கிப்போனார். நல்லவேளை, பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வேலை போனது. வீட்டிலோ முந்தின நாள் பேசியது நினைவில்லை, அடுப்பை அணைத்தாரா என்று நினைவில்லை. கணவன் ரெஜான் ஊரெல்லாம் சொன்னான்: “பாவம், அவளுக்குப் புத்தி கலங்கிடுச்சு.” தாமதமாக எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. பிறகு யார் நம்புவார்கள்?

விசாரணை அதிகாரி கிளோவிஸ் ஷியாசோன் மட்டும் அரைமனதோடு அவரை எங்களிடம் அழைத்து வந்தார். வந்ததும் நாள் கணக்கைச் சொல்லத் தொடங்கினார். ஒதில் கையமர்த்தினார்.

“வேணாம் சார். எந்த மாசம் என்ன நடந்துச்சுன்னு எங்கிட்ட சொல்லவே சொல்லாதீங்க. தெரிஞ்சா என் கண்ணு அதையே தேடும்.”

லொரேனின் பின்னந்தலையில், தோலை ஒட்டி ஒரு கற்றையை வெட்டி, வேர்ப்பக்கம் தெரிய நூலால் கட்டினார். லொரேன் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

“டாக்டர், இதுலயும் ஒண்ணும் இல்லன்னு வந்துட்டா?”

“வந்தா, உங்க முகத்தைப் பார்த்து நானே சொல்லுவேன். ஆனா நீங்க பொய் சொன்னீங்கன்னு என் வாயால வராது.”

கற்றையைக் கழுவி, சென்டிமீட்டர் சென்டிமீட்டராக நறுக்கி ஆராய்ந்தார். துண்டுக்குத் துண்டு தூக்க மருந்து! ஓரிடத்தில் மட்டும், அடுத்தடுத்த இரண்டு துண்டுகளில், ஏறக்குறைய ஒன்றுமேயில்லை. “இது வசந்த காலமா இருக்கும், கொஞ்சம் முன்னபின்ன இருக்கலாம்” என்றார் ஒதில். ஷியாசோன் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

“நண்டு சீசன், டாக்டர். ரெஜான் வீட்ல இல்லாம கடலுக்குப் போயிருந்த காலம்.”

லொரேனிடம் சொன்னபோது கணவனைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று.

“அப்போ… எனக்குப் பைத்தியம் இல்லையா டாக்டர்?”

“இல்லம்மா. உங்களுக்கு ஒண்ணுமே இல்ல.”

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார்.

ரெஜான் மீதான வழக்கில் அவன் தரப்பு வழக்கறிஞர் மடக்கினார்: “அவங்களே முழுங்கியிருக்கலாமே?” ஒதில் தயங்கவில்லை. “இருக்கலாம். யார் கொடுத்தாங்கன்னு முடிக்குத் தெரியாது. எப்போ உள்ளே போச்சுன்னுதான் தெரியும்.” அரசு வழக்கறிஞர் தலையில் கை வைத்துக்கொண்டார். அரசுத் தரப்புக்குச் சாதகமாக ஒரு சொல் கூட்டிச் சொன்னால் என்ன? சொல்லமாட்டார்! தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த வாயைத்தான், தெரிந்ததைச் சொன்னபோது நடுவர் குழு நம்பியது. அதே மருந்தை ரெஜான் தன் பெயரில் வாங்கிவந்ததை ஷியாசோன் மெய்ப்பித்தார். ரெஜான் சிறைக்குப் போனான். ஏன் செய்தான் என்று கடைசிவரை சொல்லவில்லை. லொரேன் மீண்டும் பேருந்து ஓட்டினார்.

அன்பர்களே! அந்த ஒதிலைத்தான் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது. சிகிச்சையில் முடியெல்லாம் உதிர்ந்த பிறகும் கம்பளித் தொப்பியோடு ஆய்வகம் வந்தார். எனக்கோ அவரை நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை. தொப்பியைக் கழற்றிக் காட்டிச் சிரித்தார்: “என்னய்யா இவோன், மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? இனிமே என்ன தப்பு பண்ணாலும் என்னை யாராலயும் பிடிக்க முடியாது. சாட்சியே இல்ல!” நானும் சிரித்தேன். பிறகு குளிர்பதன அறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

இனி அந்த நாற்காலியில் யார் உட்காருவது? எனக்குத் தெரியாது. அந்த இடம் நிரம்பாது.

ஆனால் நேற்று ஒரு தாய் தொலைபேசியில் அழைத்தார். “டாக்டர் போயிட்டாங்களாமே… என் பொண்ணு சொல்றத இனி யாருங்க நம்புவாங்க?”

அந்தத் தாய்க்கு நான் அளித்த பதிலை, ஒதிலின் படத்தின் முன்னால், எங்கள் ஆய்வகத்தார் அனைவர் சார்பிலும் உறுதிமொழியாகச் சொல்கிறேன்.

“செவ்வாய்க்கிழமை அழைச்சிட்டு வாங்கம்மா. நாங்க இருக்கோம்.”