சுலோச்சனாவின் கைராசி

மாகாளிக்கிழங்கு ஊறுகாய் பழகாதவர்களுக்கு மூட்டைப்பூச்சி நாற்றம் அடிக்கும், இன்ஸ்பெக்டரம்மா. எங்கள் மயிலாப்பூர் வீட்டில் அது அமிர்தம். மத்தியானத் தயிர்சாதத்துக்கு நான் வேறெதையும் தொட்டுக்கொண்டதில்லை. எதையும் வாசனையை வைத்து ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கிழங்கு மருந்துக்கும் ஆகும் என்று மலையில் வேரோடு தோண்டித் தோண்டிக் கொடியே அருகிவிட்டது. அதைக் காப்பாற்றத்தான் அடையாற்றில் எங்கள் திசு வளர்ப்புக் கூடம். கொடியின் கணுவை நறுக்கி, கிருமி நீக்கி, புட்டிக்குள் உறைந்திருக்கும் ஊட்டக்கூழில் நட்டால் துளிர்க்கும். அந்தத் துளிரை நறுக்கி அடுத்த புட்டியில் நடுவோம். ஒரு கொடி ஆயிரமாகும். ஆனால் ஒரு கிருமி உள்ளே நுழைந்தாலும் புட்டி போச்சு. அதனால் எங்கள் கூடத்தில் படிப்பைவிடக் கைராசியைத்தான் பார்ப்பார்கள். யார் நறுக்கிய புட்டி கெடுவதில்லையோ அவரிடம்தான் தாய்ப்புட்டி அலமாரியின் சாவி இருக்கும். இருபத்திரண்டு வருஷம் அது என் இடுப்பில் இருந்தது.

சுலோச்சனா நொச்சிக்குப்பத்துப் பெண். அவள் அம்மா சாலையோரம் மீன் விற்கிறாள். காலையில் அம்மாவுக்குக் கூடை இறக்கிக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்கு வருவாள். சேர்ந்த எட்டாம் மாசம் அவள் நறுக்கிய நானூறு புட்டிகளில் ஒன்றுகூடக் கெடவில்லை. டைரக்டர் கோதண்டபாணி எல்லோர் எதிரிலும், "வைதேகி மேடம், சாவியை அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துடுங்க. உங்களுக்கும் ரெஸ்ட் வேணுமில்ல?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தேன். அலமாரியில் இருந்தது, ஒரு மலைச்சரிவில் மிச்சமிருந்த ஒற்றைக் கொடியின் வம்சம். தாய்க்கொடி இப்போது அங்கே இல்லை. தோண்டிவிட்டார்கள்.

அவளை நான் ஒரு வார்த்தை கடிந்ததில்லை. ஒரு சோப்பு வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த வாரம் புட்டிகள் கெட ஆரம்பித்தன. துளிரின் காலடியில் பால் சிந்தியது போல ஒரு கலங்கல். தாய்ப்புட்டியையும் மாசாமாசம் நறுக்கி மாற்றியாக வேண்டும். மாற்றியவையும் கலங்கின.

"இன்னா மேடம், இன்னிக்கும் பதினோரு புட்டி கலங்கிக்கினு கீது. நானும் தேச்சுத் தேச்சுத்தான் கழுவறேன்."

"உன் மேல தப்பில்லடி கொழந்தே. சில வாசனை கைய விட்டு லேசுல போகாது."

அவள் விரல்களை முகர்ந்து பார்த்தாள். "நாறுதா மேடம்? மெய்யாலுமே சொல்லுங்க."

"நேக்குப் பழகிடுத்து" என்றேன்.

அவள் கூடை தூக்குவதை நிறுத்தினாள். மீன் சாப்பிடுவதை நிறுத்தினாள். பிறகு வீட்டையே விட்டு தி. நகரில் ஒரு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். ஒருநாள் அவள் அம்மா எங்கள் கூடத்து வாசலுக்கு வந்தாள். "எம்மா, கிட்ட போனா எட்டிப் போறா. பெத்தவ கை பட்டா ஓடிப் போய் கழுவுறா. இன்னாதாம்மா சொல்லிக் குடுத்தீங்க எம்பொண்ணுக்கு?" பாவமாக இருந்தது. பேப்பர் கப்பில் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

மெர்குரிக் குளோரைடு விஷயத்துக்கு வருகிறேன். கணுக்களை அந்தக் கரைசலில்தான் ஊறவைப்போம். "இதுல அஞ்சு நிமிஷம் இருந்தா எந்தக் கிருமியும் பொழைக்காது" என்று அவளிடம் சொன்னேன். அது பாடம். கையை முக்கு என்று நான் சொல்லவில்லை. பாதரச விஷம் என்று அவளுக்கும் தெரியும். பாட்டிலில் மண்டையோடு போட்டிருக்கிறது. தினம் கையுறையைக் கழற்றிவிட்டு அவள் இரண்டு கைகளையும் அதில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவளைப் பார்ப்பேன். நாற்பத்தொரு நாள். தோல் உரிந்தது. முகம் வீங்கியது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்கிறீர்கள். போன வெள்ளிக்கிழமை கடைசித் தாய்ப்புட்டியும் வெளுத்துவிட்டது.

சோதனை அறிக்கையைத் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டாம். படித்துவிட்டேன். புட்டிகளில் இருந்தது பாலைத் தயிராக்கும் கிருமி. வாஸ்தவம்தான். சுலோச்சனா சாப்பிடப் போகும் நேரத்தில், நான் என் தயிர்சாத டப்பாவைக் காலி செய்துவிட்டு, கை அலம்புவதற்கு முன்னால், அன்று அவள் நறுக்கி வைத்த புட்டிகளின் தட்டுப் பக்கம் போவேன். மூடியைத் திறந்து, கூழில் விரல்நுனியால் ஒரு தொடல். ஒவ்வொரு புட்டியிலும் நான்தான் தொட்டேன். செடி மேல் எனக்குக் கோபமில்லை. சாவி இருக்க வேண்டிய இடுப்பில் இருந்திருந்தால் அதுவும் பிழைத்திருக்கும்.

எங்கே கையெழுத்து? இங்கேயா?

காலையில் ஆஸ்பத்திரியில் அவளிடம் கையெழுத்து வாங்கியதும் இதே பேனாவில்தான் என்றீர்களே. ஒரு நிமிஷம், அதைத் துடைத்துக்கொள்கிறேன்.