ஆமென் சொல்லாத கொத்தனார்

மனைவி: போதகர் ஸ்தோத்திர ஜெபம் பண்ணினப்ப எல்லாரும் ஆமென் சொன்னாங்க. உங்க வாய் மட்டும் அசையவே இல்ல.

கொத்தனார்: மெதுவா பேசு. பிள்ளைங்க இப்பதான் கண்ணசந்திருக்கு.

மனைவி: தூங்கட்டும். சர்ச்சு பெஞ்சா இருந்தாலும் தலைக்கு மேல கூரை இருக்கு. நம்ம கட்டடம் இடிஞ்சு விழுந்து மூணு மணி நேரம் ஆகுது... உள்ள இருந்திருந்தா?

கொத்தனார்: அதைச் சொல்லாதன்னு சொன்னேன்ல.

மனைவி: சொல்லுவேன். பதினோரு குடும்பம். ஒரு கீறல் இல்ல. இதுக்கு ஸ்தோத்திரம் சொல்லாம...

கொத்தனார்: மாடியில இருந்த டெய்லர் எங்க?

மனைவி: எத்தனை தடவை கேப்பீங்க?

கொத்தனார்: நீ ஒரு தடவைகூட பதில் சொல்லல.

மனைவி: காலைல பாதி ஜெபத்துல எந்திரிச்சுப் போனாராம். மழை வருது, தையல் மெஷினை மூடணும்னு. தேடுறாங்க.

கொத்தனார்: ஐயோ! விடு, நான் போறேன்.

மனைவி: உக்காருங்க! போலீஸ் யாரையும் கிட்ட விடல. போதகர் அங்கதான் நிக்கிறாரு.

கொத்தனார்: என்னால உக்கார முடியல.

மனைவி: அப்ப முழங்கால் போடுங்க.

கொத்தனார்: எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு?

மனைவி: ஏன், உங்க மூஞ்சிக்கு என்ன?

கொத்தனார்: இரு, யாரோ ஓடி வர்றாங்க.

போதகர்: அண்ணே! அக்கா! டெய்லர் கிடைச்சுட்டாரு!

கொத்தனார்: உசுரோடயா?

போதகர்: உசுரோடதான். மழையில நனைஞ்சா சளி பிடிக்கும்னு மருந்துக்கடையில ஒதுங்கி நின்னிருக்காரு. கட்டடம் விழுந்ததைப் பாத்ததும் பயந்து அங்கயே உக்காந்துட்டாரு.

கொத்தனார்: கர்த்தாவே... கர்த்தாவே, ஸ்தோத்திரம்.

மனைவி: அழாதீங்க. பிள்ளைங்க முழிச்சுக்கும்.

கொத்தனார்: ஐயா, போகாதீங்க. என்கூட போலீஸ்கிட்ட வருவீங்களா?

போதகர்: எதுக்குண்ணே?

கொத்தனார்: நம்ம கட்டடத்துல கீழ்த்தளத் தூண் ஒண்ணு விரிசல் விட்டிருந்துச்சு. 'ஆளுங்க பயந்து காலி பண்ணிடுவாங்க, பூசி மூடு'ன்னு ஓனர் சொன்னாரு. முந்தாநாள் நான்தான் பூசினேன். வேலை போயிடும்னு பயம். இவகிட்டகூட வாய் திறக்கல.

போதகர்: அக்கா... அதனாலதான் இன்னைக்கு விடியறதுக்குள்ள வந்து, 'எல்லாரையும் ஜெபத்துக்குக் கூப்பிடுங்க, ஏன்னு கேக்காதீங்க'ன்னு அழுதீங்களா?

கொத்தனார்: என்னது? உனக்குத் தெரியுமா?

மனைவி: இருட்டோட கீழ தண்ணி பிடிக்கப் போனப்ப பாத்தேன். புதுப்பூச்சுலயே விரல் நுழையற மாதிரி விரிசல். உங்க கை வேலை எனக்குத் தெரியாதா? உங்களைக் காட்டிக்கொடுக்கவும் மனசு வரல, அத்தனை பேரைச் சாகவிடவும் மனசு வரல. சர்ச்சுல காலைச் சாப்பாடு உண்டுன்னு வீடு வீடா பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். எழுந்திரிங்க... உண்மையைச் சொல்ல நானும்தான் வரணும்.